முகம் தெரியாதவன்

“எனக்குக் கால் வேண்டாம், அண்ணை. வீட்டை போவம்.”

ரொறன்ரோவில், செயற்கைக் கால் பொருத்தும் கிளினிக்கில் முறைக்காகக் காத்திருந்தபோது கீதன் மறுபடியும் சொன்னான். கஜீவனுக்கு அலுத்துப்போனது. யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் தம்பியின் கால் போய் இரண்டு வருடம். இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பனிக்காலம் வரை ஊன்றுகோலைக்கூட அவன் தொடவில்லை. மாடிப்படியோ, காரோ, குளியலறையோ, அண்ணன்தான் தூக்கவேண்டும்.

“நடக்க ஆசையில்லையேடா உனக்கு?”

கீதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தன் காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

“தம்பி ஃபுட்போல் விளையாடினவன்,” என்றான் கஜீவன் ஆங்கிலத்தில்.

கிழவரின் முகம் மாறியது. பெயர் ஹாக்கின்ஸ். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடிய ஆட்டக்காரராம். யுத்தத்துக்குக் கூப்பிட்டார்கள், போனார். இத்தாலியில் கண்ணிவெடி. திரும்பி வந்தவருக்கு கிளப் கொடுத்தது மைதான வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. உள்ளே சனம் ஆரவாரிக்கும் சத்தம் தாங்கமுடியாமல் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டாராம்.

“நடக்கப் பழகிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை,” என்றார். “அந்தக் கண்ணிவெடியைப் புதைத்தவன் யாரென்று தெரியாமலே சாகப்போகிறேன். அதுதான் ஆறவில்லை. தெரிந்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்கமாட்டேன்.”

“என்னவாம்?” என்றான் கீதன்.

“பழகினால் நடக்கிறது சுகமாம்.”

ஹாக்கின்ஸை உள்ளே அழைத்தார்கள். கீதனின் தோளைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

“பாத்தியே, எழுபது தாண்டின மனுசன். நீயும் காலைப் போட்டால் நானும் ஒரு கலியாணத்தைக் கட்டி என்ரை பாட்டைப் பாப்பன். எனக்குப் பேசிவைச்ச துர்க்காவும் எத்தினை நாளைக்குத்தான் காத்துக்கொண்டிருப்பாள்?”

கனடா வந்தபிறகு கீதன் சிரித்ததை அன்றுதான் கஜீவன் கண்டான்.

“அந்த மனுசன் சொன்னது எனக்கு விளங்கினது, அண்ணை. பாவம், அவருக்கு ஆளைத் தெரியாது. எங்கடை வீட்டு ஒழுங்கையிலை ஆமிக்கெண்டு கண்ணிவெடியைத் தாட்டது நீதானெண்டு எனக்குத் தெரியும். எழும்பி என்னைத் தூக்கு, போவம்.”