கட்டை வால்

அடுப்படிப் பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைத்தது. முளைத்ததோ கட்டையாக, கறுப்பாக, ஒரு பக்கம் கோணலாக. வெட்கத்தில் டியூப்லைட்டுக்குப் பின்னால் பதுங்கிய பல்லி, பூச்சி பிடிக்கவும் வரவில்லை, சத்தமும் கொடுக்கவில்லை.

ஒருநாள் கீழே நின்ற பூனை அலுத்துக்கொண்டது: "அன்னிக்கே உன்னைத் தின்னிருப்பேன். அறுந்து விழுந்த வால் அந்தத் துள்ளு துள்ளிச்சு. அதையே பார்த்துட்டு நின்னுட்டேன், நீ ஓடிட்டே!"

பல்லி மெல்லத் திரும்பி, புது வாலை முதன்முறையாக வெட்கமில்லாமல் பார்த்தது.

"பழையவன் போன இடத்துக்குத் துணிஞ்சு வந்தியே, ராசா!" என்றது வாலிடம்.

அந்நேரம் கீழே அடுப்படியில் செண்பகம், சலித்துக்கொண்ட கணவனிடம் கேட்டாள்: "நமக்கு என்னங்க குறைச்சல்? ஒண்ணுமில்ல."

"ட்ச், ட்ச், ட்ச்!" என்றது பல்லி.

"பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு!" செண்பகம் விரலால் மேடையைத் தட்டினாள்.