சிப்பிக்காக ஒரு சொற்பொழிவு

"பேசப் போனவ சாயா குடிக்கிறா, பாரும்!" வெங்கிடராமன் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்துப் பொருமினார்.

மட்டாஞ்சேரியில் சிமெண்டுக் கம்பெனி ஆபீஸ். உள்ளே மானேஜருக்கு எதிரே கமலாக்ஷி. காயல் என்னும் உப்பங்கழியில் மூழ்கிக் கக்காச் சிப்பி வாரிப் பிழைக்கும் பெண்களின் தலைவி. நாளைக்குக் கம்பெனியின் மிஷின் அவர்களுடைய கரையோரத்தில் இறங்கி, சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காகச் சிப்பியைக் குஞ்சும் முட்டையுமாக வழித்துக்கொண்டு போகப்போகிறது.

வெங்கிடராமன் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். எமர்ஜென்சி முடிந்து வாய் திறக்கலாம் என்றானதும் அவர் ஆரம்பித்தது காயல் பாதுகாப்புச் சங்கம். இன்றைக்கு, சிப்பி இனம் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கும் ஒரு சொற்பொழிவோடும் அதற்கான புத்தகக் கட்டோடும் வந்திருந்தார். கம்பெனி என்ற சொல் அந்தப் பேச்சில் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

"முதல்ல நான் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன், சாமி" என்று கமலாக்ஷி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம்.

"ஒரு சாயாவுக்கு விலைபோயிட்டா, சுப்புராஜ்! கம்பெனியை இழுத்து மூடணும். அதுதானே நம்ம தீர்மானம்?"

சங்கப் பொருளாளர் சுப்புராஜ் நெளிந்தார். "மூடினா, அங்க மூட்டை தூக்குற எங்க ஊர் ஆளுங்க எங்க சார் போவாங்க?"

"அதுக்கும் என் பேச்சில் ஒரு பகுதி இருக்கு."

"அது வர்றதுக்குள்ள அவங்களுக்கு வயசாயிடும் சார்."

கதவு திறந்தது. கமலாக்ஷி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"கரையோரம் எங்களுக்கு, சாமி. மிஷின் அங்க வராது. சிப்பி முட்டையிடற மாசத்தில ஆழத்திலயும் இறங்காது. கையெழுத்தே ஆயாச்சு!"

வெங்கிடராமனுக்கு நம்ப முடியவில்லை. "எந்த வாதத்தை வச்சே?"

"வாதமெல்லாம் எனக்கு எங்க தெரியும்? சாமி பேரைத்தான் சொன்னேன்."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. மானேஜரை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார். என்ன இருந்தாலும் ரசிகர். போன வருஷம் வாசகசாலையில் இவர் பேசியபோது தலைமை வகித்து, கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர்.

மானேஜரே வெளியே வந்தார். கும்பிட்டார். பார்வை மட்டும் பெஞ்சிலிருந்த புத்தகக் கட்டை விட்டு நகரவில்லை.

"எல்லாத்துக்கும் சம்மதிச்சாச்சு. கமலாக்ஷி வாக்குக் கொடுத்தபடி, சார் இன்னைக்குப் பேசமாட்டாரே?"

வெங்கிடராமன் வாயைத் திறந்தார். கமலாக்ஷி கண்ணால் கெஞ்சினாள்.

மூடிக்கொண்டார். காயலுக்கு அவர் செய்த முதல் தொண்டு அது.