உறங்கும் வாள்

பிரான்சின் பிரெத்தாஞ் சீமையில் பிரபு ஒருவர் வியாபாரத்தில் இறங்கினால், இடைவாளை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சம்பாதித்துத் திரும்பும்வரை வாளோடு சேர்ந்து அவருடைய பிரபுத்தனமும் அங்கே உறங்கும். அசெனோரின் கணவர் குவெனோலே அப்படித்தான் வாளைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். கப்பல் மூழ்கிவிட்டது என்றார்கள்.

அசெனோர் மட்டும் வசந்தந்தோறும் நீதிமன்றத்துக்கு வந்து வாளுக்கு எண்ணெய் போட்டாள். இந்த முறை, வாளோடு தொங்கிய இடுப்புவாரின் கொக்கி பழைய துளையில் இல்லை. வெகு உள்ளே தள்ளி மாட்டியிருந்தது. தோல் ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

“யாராவது எடுத்தீங்களா?”

“சாவி என் இடுப்புலதாம்மா இருக்கு,” என்றார் காவலர் மயே. “ஐயா இனி எங்க வரப்போறார்? கையெழுத்துப் போட்டு வாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.”

“அவரே வந்து எடுத்துக்குவார். ரொம்ப இளைச்சுட்டார், பாவம்.”

அடுத்த வசந்தத்தில் தோல் காய்ந்திருந்தது. கொக்கி பழைய துளைக்கே வந்திருந்தது. உறையின் நுனியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது; காலையில் தன் வீட்டு வாசலில் அவள் மிதித்துவந்த அதே மண்.

எண்ணெய்ப் புட்டியை அங்கேயே விட்டுவிட்டு அசெனோர் வண்டிக்கு ஓடினாள்.