மரியாதையான வண்டி

கேட்காமல் எதையும் செய்யாது, அவ்வளவு மரியாதையான வண்டி. அந்த இருநூற்றைம்பது கிலோ பைக், கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் போலச் சாய்ந்து நிமிர்ந்தது. ஓட்டிய கதிரவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்சீட்டு பெல்ட் அவன் மனைவி பூங்கோதையின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்படியும் அவள் அவன் சட்டையை விடவில்லை.

"வேகத்தைக் கூட்டட்டுமா?" என்றது வண்டி.

"சரி."

"இன்னும் சாயட்டுமா?"

"சரி."

"ஏங்க, அது என்ன கேக்குதுன்னு காதுல வாங்கிட்டுத்தான் சரி சொல்றீங்களா?" என்றாள் பூங்கோதை.

"நம்மளவிட அதுக்குத் தெரியும். பேசாம வா."

அடுத்த வளைவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பின்சக்கரம் பள்ளத்தாக்கின் பக்கமாக வழுக்கியது. வண்டியின் குரலில் மட்டும் பதற்றமே இல்லை.

"பின்பாரம் அதிகமாக இருக்கிறது. குறைத்தால் சமாளித்துவிடலாம். குறைக்கட்டுமா?"

பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் கதிரவன், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், எப்போதும் போலச் சொன்னான்.

"சரி."

அவள் இடுப்பில் பெல்ட் தானாகக் கழன்றது.