பிறைக் கணக்கு

"என்ன சார் அநியாயம் இது? எங்க அத்தைக்கு எழுபத்தொண்ணு முடிஞ்சாச்சு. அறுபத்தொன்பதுன்னு எப்படி மாத்தலாம்?"

மருமகள் அறைந்த அறையில் மைதானத்து மேசையே ஆடியது. மாமியார் ஒன்றும் அறியாத பிள்ளையாட்டம் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க பிறை பார்த்து வருஷம் எண்ணுறவங்கம்மா. அந்த வருஷம் எங்க வருஷத்தைவிடச் சின்னது. எங்க கணக்குல இன்னும் எழுபதே ஆகலை. யாரோ ஒரு அம்மா போன்ல புகார் சொன்னாங்க. பார்த்தோம், சரியாத்தான் இருந்துச்சு" என்றார் போட்டி நடத்துபவர்.

"இந்த வருஷம் உங்களுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். அத்தை வீட்டு காலண்டர்ல ஆயிரத்து நானூத்துச் சொச்சம். எங்க காய்கறிக்காரருக்கு வருஷத்துக்கு நம்பரே கிடையாது, பேர்தான்! ஒரே வருஷத்துல யார் கணக்கு சார் சரி?"

"விசில் என் கையில இருக்கே, என் கணக்குதான்."

எழுபது தாண்டியவர்களின் ஓட்டத்தில் போன வருடம் மாமியார்தான் முதல். இப்போது அறுபதுகளோடு ஓடினால் பதக்கம் அம்போதான். அந்த வரிசையில் போன வருடம் ஜெயித்தவள் வேறு யாருமில்லை, மருமகளைப் பெற்ற தாயேதான்.

"வாங்க சம்பந்தி! பாட்டிங்களை ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயமான்னு போன வருஷமே கேட்டேனே. இன்னிக்குப் பார்த்துடலாம்" என்று சிரித்தாள் அம்மா.

மாமியார் போய்க் கோட்டில் நின்றார்.

விசில் ஒலித்தது. பாதிச் சுற்றுவரை அம்மா முன்னால். பெற்றவள் ஒரு பக்கம், புகுந்த வீடு ஒரு பக்கம். ஆனால் கடைசி வளைவில் மாமியார் பிடித்தாரே ஓட்டம்! "விடாதீங்க அத்தை!" என்று மருமகள் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு கை நீளத்தில் மாமியார் முந்தினார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தண்ணீர் தேடிப் போனாள்.

மருமகள் ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அத்தை, புகார் சொன்னவ கையில கிடைச்சா நாலு அறை விடணும்னு இருந்தேன். இப்ப அந்தப் புண்ணியவதி வாயில சர்க்கரையை அள்ளிப் போடணும் போல இருக்கு!"

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். சம்பந்தி தூரத்தில்தான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, மருமகளுக்கு முன்னால் "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினார்.