பதினொன்றில் ஒரு பர்ச்சி

"அவனா? நம்ம டீம்லயா? பச்சை பர்ச்சி! வெட்டு அவனை!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் பரோட்டாவைக் கீழே வைத்துவிட்டார்.

கடந்த இருபது வருடங்களில் ஆடியவர்களிலிருந்து பாகிஸ்தானின் தலைசிறந்த பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தோம். கிரிக்கெட் வாரியம் எங்களைக் கேட்கவில்லை. கராச்சி நாசிமாபாத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நாங்களாகவே தலையில் ஏற்றிக்கொண்ட பொறுப்பு. தேர்வுக்குழுத் தலைவர் அடியேன், சிப்தைன். என்னைத் தலைவராக நியமித்ததும் நான்தான்.

"அந்த முல்தான்காரனை ஏன் வெட்டணும்? சராசரி நாப்பத்தஞ்சு, பாய்" என்றான் தௌசீஃப். அவன் எங்கள் தெரு அணியின் கேப்டன்.

"அவன் மாமனார் யாரு? மந்திரி! அந்தச் சராசரியே சீட்டுல வந்ததுதான்."

சிபாரிசுச் சீட்டில் அணிக்குள் நுழைந்தவனைத்தான் நாங்கள் பர்ச்சி என்போம். மைதானத்தில் இதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

டீ இன்னொரு சுற்று வந்தபோது அணி தயார். பதினொன்றில் ஒன்பது பேர் கராச்சிக்காரர்கள்.

"லாகூர்ல எவனும் பேட்டே புடிக்கலையா, பாய்?" என்று முபஷ்ஷிர் மெதுவாகக் கேட்டான். அவன் தௌசீஃபின் மச்சான்.

"திறமைக்கு ஊர் கிடையாதுடா!"

அவன் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் தெருக்களுக்கு இடையே நடக்கும் போட்டி, பைனல். மில் மூடி வேலை போனதிலிருந்து, வாரத்தில் எனக்கு உயிர் வருகிற நாள் அது ஒன்றுதான். தொடக்க ஆட்டக்காரன் நான். இந்த சீசனில் என் ரன்கள்... பிட்ச் சரியில்லை, விடுங்கள்.

"நாட்டுக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயமா? நம்ம டீம்லயும் ஒரு பர்ச்சி இருக்கு. பைனலுக்கு முன்னாடி அதையும் வெட்டணும்!"

சட்டென்று எல்லோரும் டீ கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"பாய், அதெல்லாம் இப்ப எதுக்கு..." தௌசீஃப் இழுத்தான்.

"பயப்படாதே, நானே சொல்றேன். இதோ, முபஷ்ஷிர்!"

தௌசீஃபுக்குப் புரை ஏறியது.

"உன் மச்சான்னுதானே வச்சிருக்கே? கேட்ச்சா விடுறான். ஆட்டம் முடிஞ்சு என் வீட்டுலேருந்து ஒரு தேக்சா நிறைய பிரியாணி வந்தா எல்லாரும் தட்டைத் தூக்குறீங்க. இவன் மட்டும் அல்சர்னு ஒதுங்குறான். பிரியாணி வேண்டாங்கிறவன் கராச்சிக்காரனாடா?"

தௌசீஃப் வாயைத் திறந்தான். முபஷ்ஷிர் அவன் முழங்காலை அழுத்தினான்.

"விடு மச்சான். நான் வெளியே உட்கார்றேன். பாய் ஆடட்டும்."

'பாய் ஆடட்டும்' என்றது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ரானா ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரானா, டீம்ல இருந்த பர்ச்சிய ஒழிச்சுட்டேன்!"

அவள் கை நின்றது. "உங்களுக்கு... யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானே கண்டுபிடிச்சேன். முபஷ்ஷிர்!"

"யா அல்லா!" தட்டைக் கீழே வைத்தாள். "போன சீசன்ல உங்களைத் தூக்கிடலாம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் வீட்டுல சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்களேன்னு, நான்தான் தௌசீஃப் பாய் வீட்டுக்குப் போய் நின்னேன். ஆட்டத்துக்கு ஒரு தேக்சான்னு பேசி முடிச்சேன்."

காதெல்லாம் சுட்டது எனக்கு. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அப்போ அந்தப் பிரியாணி...?"

"அதுதாங்க உங்க பர்ச்சி."

"முபஷ்ஷிருக்கும் இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அவருக்கு ஏதுங்க அல்சர்? சிநேகிதனை டீம்ல வச்சுக்கறதுக்குக் கூலி வாங்க மாட்டேன்னு சொன்ன ஒரே ஆளு அவர்தான்!"