வாரம் ஒரு படம்

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹரீஷ் தாரிணியை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான். ஏரி, அருவி, கண்ணாடிக் கோபுரம், மலை ரயில் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அவள் காரின் பின்சீட்டில் குனிந்து வேறு உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "சிரி" என்றான். சிரித்தாள். புது மாப்பிள்ளையின் ஆசை என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். அதன்பிறகு தினமும் அப்படித்தான். வாரம் ஒரு படத்தை அவனே அவளுடைய அம்மாவுக்கு அனுப்பிவந்தான்.

ஜன்னலில் பனி அப்பிக் கிடந்த அன்று அருவிப் படம் போனது. உடனே வீடியோவில் அம்மா வந்தாள். "மாப்பிள்ளை உன்னை உள்ளங்கையில வச்சுத் தாங்குறாருடி! அதான் அவர் தம்பிக்கே நம்ம யாழினியப் பேசி முடிச்சுட்டோம்."

தங்கை குறுக்கே முகத்தை நீட்டினாள். "அக்கா, அந்த அருவிகிட்ட நானும் போட்டோ எடுத்துக்கணும்!"

"எடுத்துட்டா போச்சு" என்ற ஹரீஷ், போனைத் தாரிணியின் முகத்துக்கு நேரே திருப்பினான். பிறகு சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான்: "சிரி."